கிணற்றுக் கட்டில் நாலு பெயர்

பேசாலை,
18.08.2024

அன்புள்ள அண்ணா,

நான் நல்ல சுகம். நீங்களும் அண்ணியும் மதுஷிகாக் குட்டியும் மண்டபம் முகாமில் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். முதுகு நோ எப்படி? ஏணியில் நின்று பெயின்ட் அடிக்கிற வேலையைக் குறைக்கச் சொல்லி அண்ணியிடம் போனில் சொன்னேன். அவ உங்களிடம் சொன்னாவோ, இல்லை உங்களுக்குப் பயந்து விழுங்கிவிட்டாவோ தெரியாது.

நிற்க. இந்திய முகாம்களிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் அடுத்த பட்டியலில் உங்கள் குடும்பப் பெயரும் இருக்கிறதாம். அரசாங்கக் கந்தோரில் விசாரித்தேன். தை மாதத்துக்குள் அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். பதினேழு வருடம் கழித்து என் அண்ணன் படலையைத் திறந்துகொண்டு வரப்போகிறார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குதில்லை. முன் அறைக் கூரைக்குப் புதுத் தகரச் சீற்று போட்டுவிட்டேன்.

இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன். கிழமை நாட்களில் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் வடிவமைக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எழுத்துப் பார்க்கத் திரிகிறேன். மன்னார்க் கோட்டைக்குள் ஒல்லாந்தரின் கல்லறைக் கல், வள்ளத்தின் பெயர், கடைப் பலகை, கிணற்றுக் கட்டு, எதையும் விடுவதில்லை. ஓர் ஊரில் யார் வந்து போனார்கள், கையில் என்ன கருவி வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் எழுத்தின் வெட்டில் தெரியும். "உனக்கு எழுத்துப் பேய் பிடிச்சிருக்கு" என்கிறா பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி அக்கா. பிடித்தது பிடித்ததுதான். அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க இதையே கட்டுரையாக எழுதப்போகிறேன்.

போன ஞாயிறு உயிலங்குளம் தாண்டிக் கட்டுக்கரைப் பக்கம் சாளம்பன்மடு என்ற இடத்துக்குப் போனேன். ஆட்கள் எழும்பிப் போய்க் காடு பிடித்த வயல். அங்கே ஒரு கிணறு. கட்டின் மேல் பாசியைப் பிரஷால் தேய்த்தேன், எழுத்து வந்தது. ஈரச் சீமெந்தில் ஆணியால் எழுதிய நாலு பெயர், கீழே 12.03.2007 என்று திகதி. கிணறு கட்ட உதவினவர்களின் பெயரை இப்படி எழுதி வைப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. ஆனால் "உபயம்" என்ற சொல் இல்லை. முதல் பெயர் நிதானமாக இருக்கிறது, கடைசிப் பெயர் ஆழமாகவும் கோணலாகவும் இருக்கிறது. எழுதி முடிப்பதற்குள் சீமெந்து இறுகியிருக்கும்.

மெல்லிய தாளை விரித்துக் கரித்துண்டால் தேய்த்துப் படி எடுத்தேன். இருக்கிற ஒரே படியை உங்களுக்கு வைத்து அனுப்புகிறேன், ஏன் தெரியுமோ? அந்த "ரா"வைப் பாருங்கோ. ஒற்றைக் காலை மடக்கி இருக்கிற ஆளைப் போல. அலுமாரிக்குப் பின்னால் கிடக்கிற அந்தோனியார் வள்ளத்துப் பெயர்ப் பலகையிலும் அதே "ரா". அந்தப் பலகையை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

பதில் கையால்தான் எழுத வேண்டும். போனில் சொல்லித் தப்ப முடியாது. உங்கள் கையெழுத்து எனக்கு ஆராய்ச்சிக்கு வேண்டும்.

அன்புத் தங்கச்சி,
ஜெனிஸ்ரா

*

மண்டபம் முகாம்,
09.09.2024

சேசு மரி சூசை துணை

அன்பின் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மதுஷிகா எட்டாம் வகுப்பில் முதலாம் பிள்ளை. அண்ணிக்குச் சளி, இப்போது பரவாயில்லை. முதுகு நோ இருக்கத்தான் செய்கிறது.

கூரைச் சீற்றுக்கு ஆணி அடித்த இடங்களில் தார் பூசினாயோ? பூசாவிட்டால் மாரிக்கு ஒழுகும். பின் வளவு வேலியையும் பார்த்துக்கொள். காணிக் கடதாசிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வை.

நீ சொன்ன கிணற்றை நான் கண்டதில்லை. அந்தப் பக்கம் போனதும் இல்லை. பாழடைந்த கிணற்றடியில் பாம்பு இருக்கும். தனியே போகாதே. கோட்டையில் எவ்வளவோ எழுத்து இருக்கிறதென்று நீயே சொல்கிறாய், அதைப் பார்.

அன்புடன் அண்ணா,
வின்சன்ட்

*

பேசாலை,
29.09.2024

அன்புள்ள அண்ணா,

சுகம், உங்கள் சுகத்துக்கும் வேண்டுகிறேன். அண்ணியின் சளிக்கு ஆடாதோடை அவித்துக் கொடுங்கோ. மதுஷிகாவுக்கு என் முத்தங்கள்.

நான் இரண்டு தாளில் எழுதி அனுப்பினால், எனக்குத் தாரும் ஆணியும் பற்றிப் பதில் வருகிறது. நல்லது. தார் பூசிவிட்டேன்.

பொய் சொல்ல உங்களுக்குத் தெரியாது அண்ணா. சின்ன வயதிலும் தெரியாது. கிணற்றை நான் கண்டதில்லை என்று எழுதின கடிதத்திலேயே "பார்" என்ற சொல்லில் அதே மடக்கின கால். நீங்கள் எழுதாவிட்டால் அந்தக் கை வேறு யாருக்கு? கோபத்தில் உங்கள் கடிதத்தையும் வள்ளத்துப் பலகையையும் போனில் எடுத்த கிணற்றுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சத்தியமாக ஒரே ஆள்.

சொல்லாவிட்டால் போங்கோ. நான் பேஸ்புக்கில் நடத்துகிற எழுத்துப் பக்கத்தில் போட்டுவிட்டேன். முழுப் பெயர்களாகப் போடவில்லை. ஒவ்வோர் எழுத்தாக வெட்டிப் பெருப்பித்து, கிணற்று எழுத்தையும் வள்ளத்து எழுத்தையும் இணைத்து, "ஒரே கை: பேசாலை இளைஞர் ஒருவர், சாளம்பன்மடு, 12.03.2007" என்று எழுதினேன். நானூறு பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒரு விரிவுரையாளர் பாராட்டி எழுதினார். என் அண்ணன் பெயரைப் போட எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமோ? நீங்கள் வந்த பிறகு போடுவேன்.

கோபத்தோடும் அன்போடும்,
ஜெனிஸ்ரா

*

மண்டபம்,
08.10.2024

தங்கச்சி,

இந்தக் கடிதம் கிடைத்த அந்த நிமிடமே பேஸ்புக்கில் போட்டதை எடு. போனில் உள்ள படங்களையும் அழி, ஒன்றையும் மிச்சம் வைக்காதே. வள்ளத்துப் பலகையை அடுப்பில் வை.

நீ அனுப்பின கரித்தாளை வந்த அன்றைக்கே எரித்துவிட்டேன். நான் எழுதின கடிதங்களையும் எரித்துவிடு.

இதைப் பற்றி ஒருவரோடும் கதைக்காதே. போனில் ஒரு சொல்லும் வேண்டாம். யாராவது விசாரித்தால், எழுதினவன் செத்துப்போனான் என்று சொல்.

சாப்பிடு. கதவைப் பூட்டிப் படு.

வி.

*

பேசாலை,
27.10.2024

அன்புள்ள அண்ணா,

சுகம் என்று எழுதுகிறேன், ஆனால் சுகமில்லை. எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதம் வருவதற்கு நாலு நாள் முந்தி அச்சகத்துக்கு ஓர் ஆள் வந்தார். முப்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டின தலை, கறுப்புத் தொப்பி. கலியாண அழைப்பிதழ் மாதிரிகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார், ஒன்றையும் வாசிக்கவில்லை. முதலாளி தேத்தண்ணிக்குப் போனதும் என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, கிணத்து எழுத்தைப் படம் எடுத்துப் போட்டது நீங்களோ?"

ஓம் என்றேன். எனக்கு அப்போது பெருமை. முழுப் படம் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக் கணினியில் தேடித் தருகிறேன் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார்.

"எழுதின ஆள் இப்ப உயிரோட இருக்கிறாரோ?"

எழுத்து நல்லாயிருக்கு என்று சொல்ல வருகிறவர்கள் இப்படிக் கேட்பதில்லை அண்ணா. தெரியாது என்றேன். உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். குமார் என்றார், எந்த ஊர் என்று கேட்டதும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு துண்டில் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் கடிதத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் அழித்தேன். பலகையையும் எரித்தேன். கடிதங்களை மட்டும் எரிக்கவில்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

நேற்றுப் பூசைக்குப் போகும்போது எனக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்தது. நான் நின்றேன், அதுவும் நின்றது. கடையில் ஏதோ வாங்க நின்றிருக்கலாம். இருக்கலாம் என்றுதான் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கிணற்றில் என்ன இருக்கிறது அண்ணா? யாருடைய பெயர்கள் அவை?

ஜெனி

*

மண்டபம்,
12.11.2024

சேசு மரி சூசை துணை

அன்பின் ஜெனிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. ஊருக்குத் திரும்புகிற ரொபின்சன் அண்ணையின் கையில் கொடுத்து விடுகிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பு.

நீ கேட்டதற்கு ஒரு வரி மட்டும் சொல்கிறேன். அவை கிணறு கட்டினவர்களின் பெயர்கள் அல்ல.

வந்து கேட்டவன் யாராயிருந்தாலும், எழுத்தைத்தான் தேடி வந்திருக்கிறான். எழுத்து இருந்தால் எழுதினவனையும் தேடுவான். நான் இங்கே இருக்கிறேன், தப்பிவிடுவேன். நீ அங்கே தனியே இருக்கிறாய். அதனால் சொல்கிறபடி செய்.

ஞாயிறு காலையில் போ. பாலேஸ்வரி அக்காவைக் கூட்டிப் போ, நேர்த்திக்கடனுக்குக் கிணறு திருத்துகிறேன் என்று சொல். பழைய பூச்சின் மேல் அப்படியே புதுச் சாந்து நிற்காது. ஒரு மாரிக்குக் கழன்று விழும், எழுத்து திரும்ப வெளியே வரும். முதலில் உளியால் கொத்து. எழுத்து இருக்கிற இடத்தில் நெருக்கமாகக் கொத்து. பிறகு தண்ணீர் தெளித்துச் சீமெந்துப் பால் அடி. ஒன்றுக்கு நாலு மணல் போட்டுக் குழைத்து, மேசன் கரண்டியால் அழுத்திப் பூசு. மேலே ஈரச்சாக்கு போட்டுவிட்டு வா.

திரும்பி வருகிற பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணி இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. நீயும் அழாதே. உன்னைக் காணாமல் சாகமாட்டேன்.

அண்ணா

*

பேசாலை,
02.12.2024

அண்ணா,

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். எல்லோரும் சுகம்தானே?

பாலேஸ்வரி அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றா. பாவம், நேர்த்தி என்று நம்பி ஒரு செபமாலை முழுக்கச் சொல்லி முடித்தா. நான் கொத்தினேன். பத்து வருடமாக, பழைய எழுத்தை அழிக்காதீர்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள் என்று ஊர் ஊராகக் கத்தித் திரிந்தவள் நான். முதல் அடியில் அந்த "ரா" உடைந்தது. அதற்குப் பிறகு நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை, கைக்குத் தெரிந்தபடி கொத்தினேன். ஒரு பெயரையும் நினைவில் வைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எனக்குத் தெரியாத ஒன்றை என்னிடமிருந்து ஒருவரும் பிடுங்க முடியாதல்லவா?

செவ்வாய்க்கிழமை அந்த ஆள் திரும்ப வந்தார். ஆட்டோவில் ஒரு வயதான அம்மாவும் கூட இருந்தா. நான் உள் அறைக் கடதாசிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்று முதலாளியைச் சொல்லச் சொன்னேன். அவர் போய்விட்டார். அந்த அம்மா மட்டும் வாசல் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்தா. நான் கடதாசித் தூசியில் தும்மல் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்பதைப் பற்றி எழுத என்னால் முடியாது. முன் அறையைப் பூட்டிவிட்டேன்.

ஜெனி

*

பேசாலை,
22.12.2024

அண்ணா,

கிறிஸ்மஸ் வாழ்த்து எழுத வேண்டிய நாள். எழுதவில்லை. இதை நின்று வாசிக்க வேண்டாம், இருந்துகொண்டு வாசியுங்கோ.

அந்த அம்மா நேற்றுப் பகல் வீட்டுக்கு வந்தா. யாரோ வழி காட்டியிருக்கிறார்கள். படலைக்கு வெளியே வெயிலில் நின்றா. நான் யன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் தாண்டியதும் அவ படலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. அதற்கு மேல் எனக்கு மனம் கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டேன்.

பெயர் இராசேஸ்வரி. மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் வீடு எரிந்து, இங்கே பெரியமடுப் பக்கம் குடியேறின குடும்பம். நாற்பது வருடம் மன்னாரில் இருந்தும் பேச்சு மாறவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னா.

"எம் மூத்த புள்ள வயல்ல நெல்லு அருவி வெட்டக் கூலிக்குப் போனான் தாயி. இரண்டாயிரத்து ஏழு, பங்குனி மாசம். சாளம்பன்மடுன்னு சொல்லிட்டுப் போனான். அதோட சரி. நீ போட்ட படத்துல அந்தத் தேதியும் அந்த ஊரும் இருந்துச்சுன்னு சின்னவன் சொன்னான். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. எம் புள்ள பேரு அதுல இருந்துச்சா?"

அச்சகத்துக்கு வந்தவர் அவவின் இளைய மகன் தனுஷன். குமார் என்று பொய்ப் பெயர் சொன்னதும் பயத்தால்தான். அண்ணனைத் தேடிப் போன ஒவ்வொரு முறையும் பிறகு இவரைத் தேடி ஆட்கள் வந்தார்களாம். நான் அவருக்குப் பயந்து ஒளிந்தேன், அவர் எனக்குப் பயந்து பெயரை மாற்றினார். எழுதினவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஏன் கேட்டார் என்று இப்போது விளங்குகிறதா அண்ணா? உயிரோடு இருந்தால் அவரிடமாவது கேட்கலாம் என்றுதான்.

கிணற்றடியில் நாலு பெயரும் என் கண் முன்னால்தான் இருந்தன. நான் "ரா"வைப் பார்த்தேன். சுழியைப் பார்த்தேன், ஆழத்தைப் பார்த்தேன், பெயரை மட்டும் மனதில் எடுக்கவில்லை. என் கொப்பியில் எழுத்துகள் தனித்தனியாக அகர வரிசையில் இருக்கின்றன. அதை வைத்து ஒரு தாய்க்கு என்ன சொல்ல?

இன்று விடிந்ததும் உளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். புதுப் பூச்சைப் பெயர்த்துப் பார்த்தேன். கீழே உளிப் புள்ளிகள் மட்டும்தான். நீங்கள் சொல்லித் தந்தபடி சரியாகச் செய்திருக்கிறேன். தாளை நீங்கள் எரித்தீர்கள், கல்லை நான் கொத்தினேன், படங்களையும் நானே அழித்தேன். இனி அந்தப் பெயர்கள் இருக்கிற ஒரே இடம் உங்கள் தலைதான்.

அவவின் மகன் பெயர் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் இரக்கப்பட்டு எழுதிவிடுவீர்கள். உங்களுக்கு நினைவில் இருக்கிற நாலு பெயரையும் எழுதுங்கோ. இல்லாவிட்டால் இல்லையென்று எழுதுங்கோ.

ஜெனிஸ்ரா

*

பேசாலை,
09.02.2025

அன்புள்ள அண்ணா,

ஏழு கிழமையாகப் பதில் இல்லை. போன் எடுத்தால் அண்ணி, "வேலைக்குப் போயிட்டார், சுகம்தான்" என்கிறா. சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுகிறா. கடிதம் உங்களுக்குக் கிடைத்ததோ, வேறு யாருக்கும் கிடைத்ததோ என்று நினைத்து நினைத்து எனக்கு நித்திரை இல்லை. இராசேஸ்வரி அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறா. தபால் வந்ததா என்று கேட்பதில்லை. முற்றத்தைக் கூட்டிவிட்டுப் போகிறா. வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கோ.

ஜெனி

*

மண்டபம்,
26.02.2025

சேசு மரி சூசை துணை

அன்பின் தங்கச்சி ஜெனிஸ்ராவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. முதல் கடிதத்தை வாசித்துவிட்டு நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. பிறகு போனேன். ஏணியில் பாதி ஏறியதும் இறங்கிவிட்டேன். எழுத இருந்த ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தாளைக் கிழித்தேன். உன் அண்ணி துஷ்யந்திக்கு ஒன்றும் தெரியாது என்று பதினெட்டு வருடம் நினைத்திருந்தேன். நித்திரையில் அந்தப் பெயர்களைச் சொல்வேனாம். அவதான் சொன்னா, "நித்திரையில சொல்லுறதை முழிச்சிருந்து ஒருக்காச் சொல்லுங்கோ."

இதைத் தபாலில்தான் போடுகிறேன். பிரித்துப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அன்றைக்கு நான் மேசனுக்குக் கையாளாகப் போயிருந்தேன். எனக்கு இருபது வயது. கட்டின் மேல் பூசி முடித்துவிட்டு மேசன் சாப்பிடப் போனார். நான் கயிற்றில் கட்டின பலகையில் கிணற்றுக்கு உள்ளே நின்று விளிம்பு பூசிக்கொண்டிருந்தேன். மேலே நாலு பேர் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். வாகனம் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஒருவர் பெயர் வாசித்தார். மூன்று பேர் ஒவ்வொருவராக ஓம் என்றார்கள். நாலாவது பொடியனின் பெயர் பட்டியலில் இல்லை. உன் பெயர் என்ன என்று கேட்டார்கள், அவன் சொன்னான். அவனையும் ஏறச் சொன்னார்கள்.

வந்தவர்கள் யார் என்று நான் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தவே இல்லை. சாந்துச் சட்டியைப் பிடித்துக்கொண்டு, அது தண்ணீரில் விழுந்துவிடக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நானும் ஐந்தாவது பெயர்.

வாகனம் போன பிறகு ஏறி வந்தேன். மறந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பூச்சு ஈரமாக இருந்தது. ஆணியால் எழுதினேன். கடைசிப் பெயர் கோணலாக இருப்பது சீமெந்து இறுகினதால் அல்ல தங்கச்சி. மூன்றாம் நாள் வள்ளம் ஏறிவிட்டேன்.

இம்மானுவேல்
தவராசா
நகுலேஸ்வரன்
யோகராசா

நாலாவது பொடியன் ஏற முந்தி ஒன்று சொன்னான். "எங்கம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன் ஐயா" என்றான். அவன் திரும்பவும் சொன்னான். கதவு சாத்தின சத்தம் கேட்டது.

அந்த வார்த்தையைக் கேட்டு உயிரோடு இருக்கிறவன் நான் ஒருவன்தான். பதினெட்டு வருடமாக நான் அதை ஒருவருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அந்த அம்மாவின் பிள்ளை இந்த நாலு பேரில் இல்லாவிட்டால், அந்தப் பொடியனின் அம்மாவைத் தேடி இந்த வார்த்தையைக் கொடு.

திரும்பி வருகிற பட்டியலில் பெயரைத் திரும்பவும் பதிந்துவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அண்ணா,
வின்சன்ட்

*

பேசாலை,
16.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உறையின் ஓரம் கிழிந்து பசை ஒட்டியிருந்தது. தபாலில் கிழிந்ததோ, பிரித்தார்களோ தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

சனிக்கிழமை இராசேஸ்வரி அம்மாவை உள்ளே கூப்பிட்டு இருத்தி வாசித்தேன். தனுஷனும் வந்திருந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதல் மூன்று பெயருக்கும் அவ முகம் அசையவில்லை. நாலாவதை வாசித்தேன்.

யோகராசாதான் அண்ணா. அவவின் மூத்த பிள்ளை.

அவ அழவில்லை. அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. அம்மாவுக்கு ஒரு வார்த்தை என்ற வரியை. வாசித்தேன். இன்னொரு தரம் கேட்டா. ஆறு தரம் வாசித்தேன். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னா.

"அந்தத் தம்பி வந்தா எங்கிட்டக் கூட்டிட்டு வா தாயி. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன், ஏசவும் மாட்டேன். எம் புள்ள குரலைக் கடைசியாக் கேட்ட காது. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

அதைக் கேட்டுத் தனுஷன்தான் அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

போகும்போது மகன் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரச் சொன்னா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் வேண்டுமாம். எத்தனையோ ஆயிரம் பெயரை அச்சகத்தில் வடிவமைத்தவள் நான். இந்த ஒரு பெயரை எழுத முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வடிவாக வரவில்லை, வடிவு பார்க்கவும் தோன்றவில்லை. பிழையில்லாமல் வர வேண்டும் என்று மட்டும் பார்த்தேன்.

மற்ற மூன்று பேரின் வீட்டாரையும் தேடத் தனுஷன் என்னோடு வருகிறேன் என்றார். இன்று காலை வீதியில் ஒரு வாகனம் நின்று, கொஞ்ச நேரத்தில் போனது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பயம் போகவில்லை அண்ணா, போகும் என்று உங்களுக்குப் பொய் எழுதவும் மாட்டேன்.

முன் அறையைத் திறந்து கழுவிவிட்டேன். ஒரு பை சீமெந்து வாங்கி மூலையில் வைத்திருக்கிறேன், கீழே பலகை போட்டிருக்கிறேன், ஈரம் ஏறாது. கிணற்றுக் கட்டு நான் பெயர்த்தபடியே கிடக்கிறது. அதை நீங்கள் வந்துதான் பூச வேண்டும். ஆணி என்னிடம் இருக்கிறது.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ஜெனிஸ்ரா